படகு இழுக்க என்ன வண்டி வாங்கலாம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கடலோரக் கிராமங்களின் சார்பில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"மகளிர் குழுவும் வாழ்வாதாரமும்" என்று என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசினவங்க அதை நல்லாவே பேசிட்டாங்க. நான் டிராக்டரைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. போன மாசம் ரெண்டு ஊர்க் கூட்டமைப்பிலிருந்து எனக்குப் போன் வந்தது. "பெருங்கடன் வரப் போகுது. படகு இழுக்க வண்டி வாங்கலாம்னு இருக்கோம். எந்த வண்டி நல்லது?"ன்னு கேட்டாங்க. அரை மணி நேரம் பேசியும் முடியலை. அதான் இங்கேயே சொல்லிடலாம்னு வந்தேன். நாங்க ஒரு வண்டியில ஏமாந்து, அப்புறம்தான் சரியான வண்டி வாங்கினோம். ஏமாந்த கதையைத்தான் முதல்ல சொல்லணும்.

வயக்காட்டுப் பக்கம் இருந்து வந்தவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். கடலூர்க் கரையில எங்க ஊர் மாதிரிச் சின்ன ஊர்களுக்குத் துறைமுகம் கிடையாது. படகைத் தண்ணியில விட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியாது. தொழில் முடிச்சு வந்ததும் மணல்ல மேடேத்தணும். மறுநாள் விடியறதுக்குள்ள திரும்பத் தண்ணிக்குத் தள்ளணும். எங்க மாமனார் காலத்துல கட்டுமரம். கயித்தை அவிழ்த்தா தனித்தனி மரம், நாலு பேர் தோள்ல தூக்கிட்டுப் போயிடுவாங்க. 2004 சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் பைபர் படகு ஆயிடுச்சு. எங்க படகு 32 அடி. ரிப்பேருக்கு லாரியில ஏத்திட்டுப் போனப்ப வழியில எடைமேடையில வச்சுப் பார்த்தோம். வெறும் படகு ஒன்றரை டன்னுக்குப் பக்கம். அதுல இன்ஜின், வலை, ஐஸ் பெட்டி, பாடு நல்லா இருந்தா மீன், எல்லாம் சேர்ந்தா ரெண்டேகால் டன் ஆகும். அதைப் பதினைஞ்சு ஆம்பளைங்க "ஏலேலோ" போட்டுத் தள்ளுவாங்க. ஆள் பத்தலைன்னா நாங்களும் போய் அணியத்துல கை வைப்போம். ஏலத்துக்குப் போக வேண்டிய நேரத்துல படகு தள்ளிட்டு நின்னா, நம்ம கூடையில என்ன மீன் வந்து சேரும்னு உங்களுக்கே தெரியும்.

வெளியூர்க்காரர் ஒருத்தர் டிராக்டர் கொண்டு வந்து இழுத்தார். ஒரு இழுப்புக்கு இவ்வளவுன்னு காசு. அதுகூடப் பரவாயில்லை. நமக்கு வேணுங்கிறப்ப அவர் வரணுமே. 2011 டிசம்பர் 29 ராத்திரியை எங்க ஊர்ல யாரும் மறக்க மாட்டாங்க. மறுநாள் காலையில தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல கரை ஏறுச்சு. முந்தின நாளே எச்சரிக்கை வந்தது. படகை எல்லாம் மேட்டுக்கு, தோப்போரத்துக்குக் கொண்டு போகணும். டிராக்டர்காரருக்கு அவர் ஊர்லயே வேலை, வர முடியலை. எங்க ஆளுங்க ராத்திரி முழுக்கத் தள்ளினாங்க. எல்லாப் படகையும் காப்பாத்த முடியலை. எங்க படகும் அதுல ஒண்ணு. நடுவுல ரெண்டா உடைஞ்சு கிடந்தது.

அதுக்கப்புறம் குழுக் கூட்டத்துல தையல் மிஷின், மாவு மிஷின்னு பேச்சு வர்றப்ப எல்லாம் ஒரு அக்கா எழுந்து, "நமக்கு வண்டிடி வேணும்"னு சொல்லிட்டு உட்கார்ந்துடுவாங்க. பல வருஷம் சொன்னாங்க.

கடைசியில பணம் சேர்ந்தது. வண்டி பார்க்கப் போனோம். அஞ்சு பேர் போனோம், அஞ்சு பேருக்கும் வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. புரோக்கர் ஒரு வெள்ளை ஜீப் காட்டினார். "நாலு சக்கரமும் இழுக்கும், மலையே ஏறும்"னார். தார் ரோட்டுல செங்கல் ஏத்தின டிரெய்லரைக் கட்டி இழுத்தும் காட்டினார். நல்லாத்தான் இழுத்துச்சு. விலையும் குறைச்சல், பார்க்கவும் அழகு. நாற்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தோம். எங்க பிள்ளைங்க அதுல ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

மறுநாள் கரையில படகைக் கட்டினோம். ஜீப் நகரலை. சக்கரம் சுத்துது, மணல் பறக்குது, வண்டி கீழே போகுது. அச்சு வரைக்கும் புதைஞ்சு, கிளட்சு கருகின நாத்தம் ஊரு முழுக்க. அந்த வெளியூர்க்காரர் டிராக்டரைத்தான் கூப்பிட்டோம், படகை இழுக்க இல்லை, ஜீப்பை இழுக்க. அதுக்கும் காசு கொடுத்தோம்.

மெக்கானிக் வந்து அடியில படுத்துப் பார்த்தார். முன் சக்கரத்துக்குப் போற ஷாப்டே இல்லை. எப்பவோ கழட்டிட்டாங்க. உள்ளே லிவர் மட்டும் நாலு சக்கரத்துக்கு விழுது, கீழே ஒண்ணும் இல்லை. அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்தது. ஊர்ல ஆம்பளைங்க பேசின பேச்சு வேற. அதை இங்கே சொல்ல வேண்டாம்.

ஆனா அந்த மெக்கானிக் அண்ணன் அன்னிக்குச் சொன்னதுதான் எங்களுக்குப் பாடம். நாங்க "எத்தனை ஹெச்பி வண்டி வாங்கணும்?"னு கேட்டோம். அவர் சொன்னார்: "ஷாப்டு இருந்திருந்தாலும் இந்த ஜீப் உங்க படகை இழுத்திருக்காதும்மா. மணல்ல ஹெச்பி அப்புறம். இழுக்கிற சக்கரத்து மேல எவ்வளவு கனம் உட்காருதுன்னு முதல்ல பாருங்க."

அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்றேன், ஏன்னா இதுதான் முக்கியம். நம்ம வீட்டுப் பிள்ளை ஈர மொசைக் தரையில நின்னுக்கிட்டுப் பீரோவைத் தள்ளினா என்ன ஆகும்? பீரோ நகராது, பிள்ளைதான் வழுக்கும். பலம் இருக்கு, பிடிப்பு இல்லை. அதே கதைதான். காய்ஞ்ச மணல்ல படகை அப்படியே தரையோட இழுத்தா, அதன் எடையில பாதிக்குப் பக்கமா இழுவை வேணும்னு வச்சுக்குங்க. கரை ஏத்தமா இருந்தா அதுக்கு மேல. அந்த இழுவையைக் கொடுக்க வண்டி நல்ல கனமா இருக்கணும், அந்தக் கனம் இழுக்கிற சக்கரத்து மேலயும் இருக்கணும். பிக்கப் வண்டியில பாரம் இல்லாதப்ப கனமெல்லாம் முன்னாடி இன்ஜின் பக்கம், இழுக்கிறதோ பின் சக்கரம். முதல் கியரே வேகமா ஓடற கியர். அதனால கிளட்சை அரை மிதி மிதிச்சே இழுக்கணும், கிளட்சு எரியும். டிராக்டர் அப்படி இல்லை. பெரிய பின் சக்கரம், கட்டைக் கட்டையா டயர், கனம் பாதிக்கு மேல பின்னாடி, லோ கியர்ல போட்டா ஆள் நடக்கிறதைவிட மெதுவா, விடாம இழுக்கும்.

அப்போ டிராக்டர்தான்னு முடிவு. ரெண்டு சக்கர இழுவையா, நாலு சக்கர இழுவையா? இதுல ஊருக்கு ஊர் பதில் மாறும். கரை தட்டையா, ஈர மணல் கெட்டியா இருக்கிற ஊருக்கு ரெண்டு சக்கர இழுவையே போதும், விலையும் குறைவு, ரிப்பேரும் குறைவு. எங்க கரை பொலபொலன்னு, ஏத்தம். நாலு சக்கர இழுவையில வண்டியோட மொத்தக் கனமும் இழுக்கிற சக்கரத்து மேலேயே உட்காரும். அதனால 45 ஹெச்பி அளவுல, நாலு சக்கர இழுவை உள்ள பழைய டிராக்டர் ஒண்ணு தேடினோம். ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, அந்த முன் அச்சுல சீல் அதிகம், உப்புத் தண்ணி பட்டா சீல்தான் முதல்ல போகும். வசதி கூடினா பராமரிப்பும் கூடும்.

இந்தத் தடவை நாங்க ஏமாறலை. தேடின நாலாவது வண்டியைத்தான் வாங்கினோம். முதல் மூணையும் ஏன் வேண்டாம்னோம்னு சொல்றேன். முதல் வண்டியில பின்னாடி கியர் ஆயிலைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தோம். பால் கலந்த மாதிரி வெளுப்பா வந்தது. உள்ளே தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். விக்கிறவர், "மழையில நின்னுச்சும்மா"ன்னார். வணக்கம் சொல்லிட்டு வந்துட்டோம். ரெண்டாவதுல ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழட்டினா ஆயிலுக்கு அடியில மணல். மணலைத் தின்ன இன்ஜின் ரொம்ப நாள் உழைக்காது. மூணாவது வண்டி நல்ல வண்டிதான், ஆனா ஆர்சி புத்தகத்துல பைனான்ஸ் பேரு அப்படியே இருந்தது. "கடன் கட்டியாச்சு"ன்னு வாயால சொன்னா போதாது. பைனான்ஸ்காரங்க கையெழுத்துப் போட்ட படிவம் 35 வேணும், அப்பதான் அந்தப் பேரை எடுக்க முடியும். பேர் மாத்த படிவம் 29, 30. இந்த மூணு நம்பரையும் உங்க குழுப் பதிவேட்டுல இன்னிக்கே எழுதி வச்சுக்குங்க. இன்னொண்ணு, விவசாயத்துக்குன்னு பதிவான டிராக்டரை வாடகைக்கு ஓட்டினா, விபத்துல இன்சூரன்ஸ் கிடைக்கிறதுல சிக்கல் வரும். எந்த உபயோகத்துக்குன்னு பதிவு, எதுக்கு இன்சூரன்ஸ், ரெண்டையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துலயும் இன்சூரன்ஸ் ஆபீஸ்லயும் கேட்டுச் சரி பண்ணிட்டுத்தான் நாங்க முதல் வாடகை வாங்கினோம்.

நாலாவது வண்டிக்காரர்கிட்ட, "அட்வான்ஸ் கிடையாது. முதல்ல எங்க கரைக்கு வண்டியைக் கொண்டு வாங்க. வலை, ஐஸ் பெட்டியோட உள்ள படகை எங்க மணல்ல இழுத்துக் காட்டுங்க. டீசல் செலவு எங்களோடது"ன்னோம். முகம் சுளிச்சார். ரெண்டு நாள் கழிச்சு வந்தார். இழுத்துச்சு. மூணு தடவை இழுக்கச் சொன்னோம், அதுல ஒண்ணு நட்ட நடு மத்தியானம், மணல் காய்ஞ்சு கிடக்கிற நேரம். அப்புறம்தான் விலை பேசினோம். அஞ்சரை லட்சம்.

வாங்கினதோட முடியலை. பின் டயர்ல முக்கால் பாகம் நல்ல தண்ணி நிரப்பினோம், கனத்துக்கு. மணல்ல இறங்கும்போது காத்து குறைச்சலா, பன்னிரண்டு பவுண்டு அளவுல வைப்போம். டயர் கொஞ்சம் பரந்து உட்காரும், புதையாது. ரோட்டுல தூரம் போனா திரும்ப ஏத்திக்குவோம். படகு அடியில உருளைக் கட்டை போடறதை நிறுத்தலை. "டிராக்டர் வந்தாச்சே, கட்டை எதுக்கு?"ன்னு இளவட்டப் பசங்க கேட்டாங்க. கட்டை போட்டா இழுவை எவ்வளவோ குறையுது, படகு அடியும் தேயறது இல்லை.

நீளமான கயிறும் அப்படித்தான். டிராக்டர் தண்ணிக்குப் பக்கத்துல பொலபொல மணல்ல நிக்க வேண்டியதே இல்லை. மேட்டுல கெட்டித் தரையில நின்னு நீளக் கயித்துல இழுத்தா, அதே வண்டி ரெண்டு மடங்கு வேலை செய்யற மாதிரி இருக்கும். உப்புத் தண்ணியும் படாது. ரொம்பக் கனமான படகுன்னா கப்பி போடுவோம். கயித்து ஒரு முனையைக் கரையில ஆழமா நட்ட கல்தூண்ல கட்டி, படகுல மாட்டின கப்பி வழியா விட்டு, மறுமுனையை டிராக்டர்ல மாட்டுவோம். டிராக்டர் ரெண்டடி போனா படகு ஒரு அடிதான் வரும், ஆனா இழுவை பாதியாக் குறையும். கிணத்துல தண்ணி இறைச்ச நமக்குக் கப்பியை யாரும் சொல்லித் தர வேண்டாம். தென்னை மரத்துல மட்டும் கட்டாதீங்க. நாங்க ஒரு மரத்தைச் சாய்ச்சுட்டு, தோப்புக்காரருக்கு அபராதம் கட்டினோம்.

இப்ப சொல்லப் போறது சங்கடமான விஷயம். ஆனா சொல்லாம இறங்க மாட்டேன்.

வண்டி வந்த நாலாவது மாசம். பழைய நைலான் கயிறு. படகு மணல்ல ஒட்டிக்கிட்டு வரலை. ஓட்டுன பையன் கயித்தைத் தொய்வா விட்டு, வேகமா முன்னாடி எடுத்தான். ஒரே வெட்டு. கயிறு அறுந்து பின்னாடி சாட்டை மாதிரி வந்தது. நைலான் ரப்பர் மாதிரி இழுபடும், இழுபட்டது அத்தனையும் அறுந்த நிமிஷம் திரும்பி வரும். கயித்துப் பக்கத்துல நின்ன என் தங்கச்சி மகனுக்கு முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் முறிஞ்சு போச்சு. ஒரு வருஷம் அவன் கடலுக்குப் போகலை. இப்பவும் நொண்டித்தான் நடக்கிறான். வண்டி நல்ல வண்டி. தப்பு எங்களோடது. வண்டிக்கு அஞ்சரை லட்சம் கொடுத்தவங்க, கயித்துக்குக் கணக்குப் பார்த்தோம்.

அன்னியிலிருந்து கயிறு பழசானா கூட்டமைப்புச் செலவுல மாத்திடறோம். முதல்ல தொய்வை மெதுவா எடுத்து, கயிறு விறைச்ச பிறகுதான் இழுக்கணும். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்கு ஆள் இருக்கக் கூடாது. விறைச்ச கயித்தை யாரும் தாண்டக் கூடாது. கயித்து நடுவுல ஈரச் சாக்கு ஒண்ணு போட்டு வைக்கிறோம், அறுந்தாலும் துள்ளல் குறையும். பிள்ளைங்களை விரட்டறதுக்குன்னே தினமும் நம்ம குழுப் பெண் ஒருத்தர் விசிலோட நிக்கிறாங்க. அவங்க ஊதலைன்னா டிரைவர் கிளட்சை விட மாட்டார்.

இதையும் கேட்டுக்குங்க. கயித்தை டிராக்டருக்குப் பின்னாடி கீழே இருக்கிற இழுவைக் கொக்கியிலதான் மாட்டணும். மேலே, டாப் லிங்க் மாட்டற இடத்துல கட்டினா உயரமா நல்லா இழுக்கும்னு சிலர் சொல்வாங்க. விடாதீங்க. படகு நகராம நின்னா, முன் சக்கரம் மேலே தூக்கி, வண்டி அப்படியே பின்னாடி டிரைவர் மேல கவிழும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. வண்டி பார்க்கப் போறப்ப அந்தக் கீழ்க் கொக்கி விரிசல் இல்லாம இருக்கான்னு கையை விட்டுப் பாருங்க.

பராமரிப்பு நம்ம வேலைதான். சாயங்காலம் கடைசிப் படகு ஏறினதும் நல்ல தண்ணி விட்டு அடிப்பக்கம், சக்கரம், பிரேக் எல்லாம் கழுவறோம். கழுவாம ஒரு வாரம் விட்டுப் பாருங்க, போல்ட்டு ஸ்பானர்ல சுத்தாது. கிரீஸ் அடிக்கிறது வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை. ஏன் வெள்ளிக்கிழமைன்னா, சாமி கும்பிடறதுக்கு எப்படியும் வண்டியைத் துடைப்போம், அதோட கிரீஸும் அடிச்சுடலாம்னுதான்.

கரையில ஒரே தடத்துலதான் வண்டி போகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை ராத்திரியில வந்து முட்டை வைக்கும். கண்ட இடத்துல டயரை ஏத்தினா மணலுக்கு அடியில இருக்கிற முட்டை நசுங்கும். தடத்துக்கு ரெண்டு பக்கமும் கொம்பு நட்டு வச்சிருக்கோம்.

வாடகை விஷயத்துலதான் எங்களுக்குள்ள சண்டை வந்தது. உறுப்பினர் படகுக்கு ஒரு ரேட்டு, வெளிப் படகுக்கு ஒரு ரேட்டு. மாசத் தவணை, டீசல், டிரைவர் சம்பளம் போக மிச்சத்துல ஒரு பங்கைத் தனியா எடுத்து வைக்கிறோம், டயருக்கும் கிளட்சுக்கும். கனமா இழுக்கிறப்ப மணிக்கு நாலு லிட்டர் பக்கமா டீசல் குடிக்குது எங்க வண்டி, நோட்டுல எழுதி வச்சிருக்கோம். முதல் வருஷம் அந்தத் தனிப் பங்கை எடுக்காம எல்லாத்தையும் பிரிச்சுக்கிட்டோம். பின் டயர் ஜோடி மாத்த வேண்டி வந்தப்ப, குழுவுக்குக் குழு கையேந்தி நின்னோம்.

புயல் எச்சரிக்கை வந்தா யார் படகு முதல்ல? இதைப் புயல் அன்னிக்குப் பேச முடியாது. நாட்டாருங்களையும் உட்கார வச்சு முன்னாடியே எழுதிட்டோம். தண்ணிக்குப் பக்கத்துல கிடக்கிற படகு முதல்ல. தூரத்துல இருக்கிறது அப்புறம். தலைவி வீட்டுப் படகு, பொருளாளர் வீட்டுப் படகுன்னு தனி வரிசை கிடையாது. வீட்டுல ஆம்பளை இல்லாம படகைப் பங்குக்கு விட்டிருக்கிற பெண்களோட படகுக்கு, தள்ள ஆள் வராதுங்கிறதால, அவங்களுக்கு மட்டும் வரிசையில முன்னிடம். இதுக்கு எதிர்ப்பு வந்தது. "படகுன்னா எல்லாம் ஒண்ணுதானே?"ன்னு கேட்டாங்க. தானே ராத்திரியில யார் படகு கரையிலேயே கிடந்ததுன்னு நான் பேரு பேரா சொன்னேன். அப்புறம் யாரும் பேசலை. 2018ல கஜா வேதாரண்யம் பக்கம் போயிடுச்சு, எங்களுக்குப் பெரிய அடி இல்லை. ஆனா எச்சரிக்கை எங்களுக்கும் இருந்தது. அன்னிக்கு எங்க படகுங்க எல்லாம் இருட்டறதுக்கு முன்னாடியே தோப்போரத்துல இருந்தது. வரிசைப்படிதான் போச்சு. எங்க படகு பதினேழாவது.

நேரம் ஆயிடுச்சுன்னு சீட்டு வந்திருக்கு. போன் பண்ணின ரெண்டு ஊர்க்காரங்களும் இங்கேதான் இருக்காங்கன்னு தெரியும். உங்க படகை எடைமேடையில ஒரு தடவை வச்சுப் பார்த்துட்டு, உங்க கரை மணல் எப்படின்னு சொல்லுங்க. வண்டி பார்க்கப் போற அன்னிக்கு எங்க மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு நானும் வரேன், பஸ் காசு மட்டும் கொடுத்தா போதும். நேர்ல பார்க்கணும்னா நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு எங்க கரைக்கு வாங்க. படகு வர்ற நேரம். கயித்துப் பக்கம் மட்டும் நிக்காதீங்க, எங்க அக்கா விசில் ஊதுவாங்க.